காற்றுக்கு ஓர் அணை



வேற்றுமை உருபு, வல்லினம் மிகும் இடம், வாய்மொழித் தேர்வு என்றே எழுதிவந்த இப்பக்கத்தில், இம்முறை ஒரு காரின் முகவாயில் பொருத்தப்படும் பிளாஸ்டிக் துண்டைப் பற்றி எழுதப்போகிறேன். வாகனங்களில் நாட்டமில்லாதவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு சொல்லாக்கச் சிக்கலும் இருக்கிறது. ஒரு மாணவனின் எதிர்காலமும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த துறை முன்னது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காரின் முன்பக்கப் பம்பருக்கு அடியில் தரையை நோக்கி இறங்கும் பட்டையான தகட்டை ஆங்கிலத்தில் 'ஏர் டேம்' என்கிறார்கள். பட்டறைகளில் 'லிப்' என்றும் சொல்வதுண்டு. உயர்நிலை மூன்றில் பயிலும் என் மாணவன் ஒருவன், 'எனக்குப் பிடித்த வேலை' என்ற கட்டுரையில் அதைக் 'காற்றுத்தடுப்பு' என்று எழுதியிருந்தான். வகுப்பில் அச்சொல்லை எடுத்துக்கொண்டு பேசினோம். 'காற்றுத்தடை' என்று சொன்னால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். ஓடும் பொருளைக் காற்று எதிர்க்கும் விசைக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது என்றேன். அப்போது அந்த மாணவனே எழுந்து, "ரெண்டும் இல்ல டீச்சர். அது காத்தைத் தடுக்கல, திருப்பி விடுது" என்றான். அந்த ஆண்டில் அவன் என் வகுப்பில் கேட்கப்படாமலே எழுந்து சொன்ன முதல் வாக்கியம் அது.

திருப்பிவிடுவதற்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? அணை இருக்கிறது. அணை என்றதும் மேட்டூரைப்போல நீரைத் தேக்கி வைப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை நீரைத் தேக்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. வந்த நீரைப் பிரித்து அனுப்புவதே அதன் வேலை. இன்று அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பாசனத்துக்குப் பிரிகிறது. வெள்ளம் மிகுந்தால் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. ஆங்கிலேயர் அதைக் கண்டு வியந்து, 'அணைக்கட்டு' என்ற நம் சொல்லையே 'அனிகட்' என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே 'காற்றணை' என்று கரும்பலகையில் எழுதினேன். (வெள்ளைப்பலகைதான். பழக்கம் விடவில்லை.) வகுப்பு ஏற்றுக்கொண்டது. இந்தக் கட்டுரையிலும் அதையே ஆள்கிறேன்.

அது செய்யும் வேலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் மேற்புறம் வழவழப்பாக இருக்கும். அடிப்புறமோ புகைக்குழாய், அச்சு, தாங்குசட்டங்கள் என்று மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன் கீழ் நுழையும் காற்று ஒவ்வொன்றிலும் மோதிக் குழம்பி, வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. அடியில் நெருக்குண்டு வண்டியின் முன்பாகத்தைச் சற்றே தூக்கவும் செய்கிறது. காற்றணை அந்தக் காற்றின் பெரும்பகுதியைப் பக்கங்களுக்குத் திருப்பிவிடுகிறது. அணைக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் ரேடியேட்டர் வழியாகக் காற்று எளிதாக இழுபடுகிறது. அதற்காக அணையைத் தரை தொடும் அளவுக்கு இறக்கிக் கட்டினால் நன்மை பெருகிவிடாது. ஓர் எல்லைக்குப் பின் அணையே காற்றை எதிர்க்கத் தொடங்கிவிடும்.

இந்த எளிய தகடு 1970களின் தொடக்கத்தில்தான் சாலைக் கார்களில் பரவலாகக் கண்ணில் படத் தொடங்கியது. போர்ஷே 911 வகையின் 1972ஆம் ஆண்டு 'எஸ்' காரில் அது இருந்தது. 1973இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் வெளியிட்ட '2002 டர்போ' காரின் காற்றணை பெரும் விவாதத்தையே கிளப்பியது. காரின் பெயரை அதில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பி எழுதும் வழக்கம் இருந்தது. முன்னே போகிறவர் தம் பின்னோக்குக் கண்ணாடியில் அதை நேராகப் படித்து வழிவிட வேண்டுமாம்! சாலையில் அடாவடியைத் தூண்டுகிறது என்று ஜெர்மனியில் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர, 1,672 கார்களோடு அதன் உற்பத்தி முடிந்துபோனது. இதை நான் வகுப்பில் சொன்னபோது, எழுத்துகளை இடவலமாகத் திருப்பினாலும் மாறாத தமிழ் எழுத்து எது என்று பத்து நிமிடம் தேடினார்கள். 'ப' கிடைத்தது, 'ய' கிடைக்கவில்லை.

சிங்கப்பூருக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். நம் விரைவுச்சாலைகளில் மிக அதிக வேக வரம்பே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம். அங்கே எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. தேக்காவுக்கும் தோ பாயோவுக்குமாக ஓடும் ஒரு காருக்குக் காற்றணையால் எரிபொருள் மிச்சமாகும் என்று யாரேனும் உங்களிடம் விற்க வந்தால் நம்பவேண்டாம். அழகுக்காகப் பூட்டுகிறவர்களே மிகுதி. எனக்கு அதில் குறை காணத் தோன்றவில்லை, ஆனால் அழகை அழகு என்றே சொல்ல வேண்டும்.

என் காரின் நிலை வேறு. அது 2009இல் பதிவான டொயோட்டா கொரோலா ஆல்டிஸ். 2021இல் நான் வாங்கியபோதே பம்பரின் அடியில் இருக்கவேண்டிய கீழ்விளிம்பு இல்லை. அதனால் எஞ்சினுக்குக் கீழுள்ள மறைப்புத் தட்டின் முன்னோரம் பிடிப்பின்றி நின்று, விரைவுச்சாலையில் 80ஐத் தாண்டினால் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒருநாள் பள்ளி வாசலில் அந்த மாணவன் குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இது ஒருநாள் ரோட்டுல கழண்டு விழுந்துடும்" என்றான். அவனுடைய தந்தை சின் மிங் வட்டாரத்தில் ஒரு பட்டறையில் பணிபுரிபவர். மறுவாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். கழித்துக் கட்டப்பட்ட அதே வகைக் காரிலிருந்து ஒரு காற்றணை கிடைத்திருப்பதாகச் சொன்னார். நாற்பது வெள்ளி. பிறகு, "அப்படியே பையனைப் பத்தியும் கொஞ்சம் பேசணும் டீச்சர்" என்றார்.

வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். 1990இல் வந்த இம்முறையில் ஒரு சான்றிதழின் ஆயுள் பத்தாண்டு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 1,50,001 வெள்ளிக்குப் போனது. காருக்கான விலை தனி. பத்தாண்டு முடிந்தால் காரைக் கழிக்கலாம், அல்லது அண்மைய மூன்று மாத ஏலச் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். புதுப்பித்தால், கழிக்கும்போது திரும்பக் கிடைக்கக்கூடிய பதிவுக் கட்டணப் பங்கை இழக்க நேரிடும். பத்தாண்டைத் தாண்டிய காருக்குச் சாலைவரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி, 50 விழுக்காட்டுக் கூடுதலில் நிற்கும். பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டு. ஆகவே வேறு நாடுகளில் இருபது ஆண்டு ஓடக்கூடிய கார்கள் இங்கே நல்ல உடலோடு அங்கீகாரம் பெற்ற உடைப்புக் கிடங்குக்கோ, ஏற்றுமதிக்கோ போகின்றன. பதிவு நீக்கியபின் அதற்கு ஒரு மாதத் தவணைதான். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார்களின் கதவையும் விளக்கையும் தெருவோரம் அடுக்கி வைத்திருப்பார்களே, அதைப் போன்ற நெடுங்காலச் சேமிப்புக்கு இங்கே இடமில்லை. நமக்கு வேண்டியது கண்ணில் பட்ட அன்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் நம் லிட்டில் இந்தியாவின் ஓரத்திலேயே அந்தச் சேமிப்பு இருந்தது. ஜாலான் புசார் சுற்றுவட்டாரம் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்போனது. மாணவனின் தந்தை இளைஞராகத் தொழில் பழகியபோது, முதலாளி கொடுத்த உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே கடை கடையாக ஏறி இறங்குவாராம். கடையில் இல்லாதது சில நேரம் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் கிடைக்கும். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இரும்புச் சாமான் கடைகள் சில இன்னும் இருக்கின்றன. தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு, அவர் எழுதிக்கொடுத்த துருப்பிடிக்காத போல்ட்டுகளையும் அகலமான வாஷர்களையும் ஜாலான் புசாரில்தான் வாங்கினேன். கடைக்காரர் என் பையிலிருந்த முருங்கைக்காயையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. தந்தை ஓரமாக நாற்காலியில் அமர்ந்துகொண்டார். செய்தவன் மகன். நான் அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன்; தமிழில் சொன்னால்தான் எனக்குப் புரியும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தேன்.

முதலில் அவன் காற்றணையைக் கவிழ்த்துப் போட்டு முதுகைப் படித்தான். படித்தான் என்றே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் வார்ப்புகளின் பின்புறத்தில் கோண அடைப்புக்குள் சில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அது எந்தப் பிளாஸ்டிக் என்பதற்கான குறி. 'பிபி' என்றிருந்தால் சாதாரணப் பசை ஒட்டாது. தனிப் பூச்சு ஒன்று வேண்டும், அல்லது சூடேற்றி உருக்கி இணைக்க வேண்டும். கண்ணாடியிழை என்றால் பிசினும் இழைவலையும் வேண்டும். அது உடைந்தால் விளிம்பு கத்திபோல இருக்கும். இதில் 'ஏபிஎஸ்' என்றிருந்தது. சற்றுக் கடினமானது, விரிசல் விடக்கூடியது, ஆனால் உருக்கி ஒட்டினால் நன்றாகச் சேரும். அடுத்து வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தான். வெள்ளைக்கு அடியில் வெள்ளி நிறம். ஆணித்துளைகளில் மூன்று தொழிற்சாலை போட்டவை அல்ல. "இது ஏற்கெனவே ஒருமுறை வேற காருக்கு மாறியிருக்கு டீச்சர். இந்த இடத்துல அவசரப்பட்டு இறுக்கியிருக்காங்க, அதான் காது ஒடைஞ்சிருக்கு." ஒரு செய்யுளைக் கொடுத்து, இதில் இடைச்செருகல் எது என்று கேட்டால் மாணவர்கள் இப்படிப் பார்க்கவேண்டும் என்று நான் எத்தனை ஆண்டுகள் ஆசைப்பட்டிருக்கிறேன்!

இடப்பக்கம் ஒரு சாண் நீளத்தில் விரிசல் இருந்தது. அதை உடனே ஒட்டிவிடுவான் என்று நினைத்தேன். அவன் விரிசல் முடியும் நுனியைத் தேடி, அங்கே மூன்று மில்லிமீட்டரில் ஒரு துளையிட்டான். உடைந்த பொருளில் இன்னொரு ஓட்டையா என்றேன். விரிசலின் நுனி கூர்மையானது, இழுவிசை முழுவதும் அங்கே குவிகிறது. வட்டத் துளை அந்த விசையைச் சுற்றிலும் பரப்பிவிடும், பிறகு விரிசல் மேலே ஓடாது. இதை அவன் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. கையைக் காட்டி, பாதியில் நிறுத்தி, 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்து, 'அழுத்தம்... இல்ல, இழுப்பு' என்று திருத்திக்கொண்டான். அந்தத் திருத்தத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். பின்பு பின்புறமிருந்து மெல்லிய எஃகு வலையைச் சூடான கருவியால் பிளாஸ்டிக்கில் பதித்து, ஆறவிட்டு, முன்புறத்தை நிரப்பித் தேய்த்தான்.

பொருத்திப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒட்டுநாடாவால் தற்காலிகமாக நிறுத்தி, நடுக்கோட்டைக் குறித்து, நடுவிலிருந்து இருபுறமும் போனான். ஓரத்திலிருந்து தொடங்கினால் மிச்சப் பிழையெல்லாம் மறு ஓரத்தில் சேர்ந்துவிடும். பம்பரின் இடப்பக்கம் ஆறு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. எப்போதோ அடிபட்டுச் சீர்செய்ததாக இருக்கவேண்டும். அவன் காற்றணையைத் தரைக்கு இணையாக வைக்காமல் பம்பருக்கு இணையாக வைத்தான். தந்தை அப்போது மட்டும் வாய் திறந்து, "ஏன்?" என்றார். "கண்ணுக்குப் பம்பர்தான் தெரியும், தரை தெரியாது" என்றான் மகன். தந்தை மறுபடியும் மௌனமானார்.

துளைகளை வட்டமாக விடாமல் சற்று நீளவாக்கில் அராவினான். ஒன்றரை மீட்டர் ஏபிஎஸ் பட்டை, வெயிலில் முப்பது டிகிரி சூடேறினால் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளும். பம்பரின் பிளாஸ்டிக் அதே அளவில் நீளாது. அடியிலுள்ள இரும்புச் சட்டம் இரண்டையும்விட மிகக் குறைவாகவே நீளும். இறுகப் பூட்டினால் ஏதோ ஒன்று வளைந்தாக வேண்டும், இல்லையேல் உடைந்தாக வேண்டும். அகல வாஷர் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. இருபக்கப் பசைநாடாவை மட்டும் நம்பிப் பூட்டுகிறவர்களைப் பற்றித் தந்தைக்கு வலுவான கருத்து இருந்தது. அதை இங்கே எழுத முடியாது.

கடைசியாக ஒரு நூல். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து காற்றணையின் கீழ்விளிம்பு வரை அதை இழுத்துப் பிடித்தான். விளிம்பு தரையிலிருந்து 16 சென்டிமீட்டர் உயரம், சக்கரத்திலிருந்து 75 சென்டிமீட்டர் தூரம். கோணம் ஏறத்தாழ 12 டிகிரி. பத்துக்கு ஒன்று ஏறும் சரிவின் கோணம் ஆறு டிகிரிக்கும் குறைவு. ஆகவே என் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் உரசாது. இழுவைக்கொக்கி மாட்டும் துளை மறையவில்லை, எண்தகடும் மறையவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டான். எந்த மாற்றத்துக்கு அனுமதி தேவை, எது கூடவே கூடாது என்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பட்டியலை வேலை தொடங்கும் முன்பே அச்சிட்டு வைத்திருந்தான். அதன் ஆங்கிலத்தைப் பத்தி பத்தியாகப் படித்து அடிக்கோடிட்டிருந்தான். இவன் வாசிப்பதே இல்லை என்றுதான் நாங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம்.

மாலையில் தேநீர் குடிக்கும்போது தந்தை பேசவேண்டியதைப் பேசினார். மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் கார்த் தொழில்நுட்பம் படிக்க விரும்புகிறான், அவருக்கு விருப்பமில்லை. "நான் இருவத்தெட்டு வருஷம் காருக்கு அடியில படுத்துட்டேன் டீச்சர். என் முதுகைக் கேளுங்க. இவனாவது ஏசி ரூம்ல உக்காரணும். நீங்க சொன்னா கேப்பான்."

இந்தப் பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். அந்தக் கழகம் 1992இல் தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தை 'இதுதான் முடிவு' என்று கேலியாக விரித்துச் சொல்லும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஆனால் இந்தத் தந்தையின் மறுப்பை அந்தக் கேலியோடு சேர்க்கக்கூடாது. அவர் தொழிலை இழிவாக நினைக்கவில்லை. அது உடம்பிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தே பேசுகிறார். அவருக்கு இன்னொரு வாதமும் இருந்தது. 2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்கவேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. எண்ணெய் மாற்றும் வேலையே இல்லாத காலத்தில் பட்டறைக்காரனுக்கு என்ன வேலை என்றார்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தபடி, "மின்சாரக் காருக்குத்தான்பா காத்து ரொம்ப முக்கியம்" என்றான். பேட்டரி அடியில் பரந்து கிடப்பதால் அவற்றின் அடித்தளம் தட்டையாக வருகிறது. ஒருமுறை மின்னூட்டினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதில், வேகச் சாலைகளில், காற்றின் எதிர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று தான் பொருத்திய துண்டைப் போன்றவை அங்கே இன்னும் கவனமாக வடிவமைக்கப்படுகின்றன என்றான். தந்தை பதில் சொல்லவில்லை.

அவர் கேட்டுக்கொண்டபடி மகனிடம் நான் பேசவில்லை. அவரிடம்தான் பேசினேன். வகுப்பில் நான் காணாத ஒரு மாணவனை அன்று ஆறு மணி நேரம் கண்டதையும், அளந்து, ஐயம் கேட்டு, காரணம் சொல்லி, சொல்லைத் திருத்திக்கொள்ளும் ஒருவனைக் குளிரூட்டிய அறைக்காக வேறு பக்கம் திருப்பிவிடத் தமக்கு மனமில்லை என்று ஓர் ஆசிரியை சொன்னதாக வைத்துக்கொள்ளும்படியும் கூறினேன். முதுகைப் பற்றிய அவருடைய அச்சத்துக்கு என்னிடம் விடை இல்லை என்பதையும் சொன்னேன். அவர் தேநீர்க் குவளையைக் கழுவி வைக்கப் போனார்.

கார் இப்போது படபடப்பதில்லை. பெட்ரோல் செலவில் நான் அறிய ஒரு வேறுபாடும் இல்லை. ஆண்டுப் பரிசோதனையில் ஆய்வாளர் குனிந்து காற்றணையை இரு கையாலும் இழுத்துப் பார்த்தார்; அது அசையவில்லை; கார் தேறியது. கல்விக் கழகத்தின் அடுத்த திறந்த இல்ல நாளுக்கு வருவதாகத் தந்தை செய்தி அனுப்பியிருக்கிறார். மின்சாரக் கார்ப் பிரிவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம்.

பி.கு.: அந்த ஞாயிற்றுக்கிழமை பயன்பட்ட சொற்களைத் தொகுத்து உயர்நிலை வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் செய்திருக்கிறேன். விரிசல், அராவுதல், நடுக்கோடு, இழுவிசை, மறைப்புத் தட்டு முதலியவை அதில் உள்ளன. 'வாஷர்' மட்டும் வாஷராகவே நிற்கிறது. மாணவர்கள் வாயில் நிலைக்கக்கூடிய சொல் யாரிடமேனும் இருந்தால் எழுதுங்கள்.